கால் இன்ச்

"எங்க அக்காவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா, இல்ல கணக்கு மறந்து போச்சா?"

மாடியிலிருந்து வந்த துணிக்கட்டை மேஜையில் கொட்டிவிட்டுச் சின்னவள் கேட்டாள். கட்டைச் சுமந்து வந்த அவள் புருஷன் மேஜையோரம் ஒதுங்கி நின்றான். அக்கா தங்கைச் சண்டையில் வாயைக் கொடுத்தவன் வாங்கிக் கட்டிக்கொள்வான். பட்டவனுக்குத் தெரியும்.

அக்கா மாடியில் வெட்டுவாள், தங்கை கீழே தைப்பாள். ஒட்டுத்துணிப் போர்வை என்றால் அந்தத் தெருவில் இவர்கள்தான். போன மாதம் துணி கொடுக்க வந்தவள் எதிரிலேயே, "அக்கா, இந்த அளவு தப்பு" என்று சின்னவள் சொல்லிவிட்டாள். தப்புதான். ஆனால் அடுத்தவர் முன்னால் சொன்னால் தப்பா உறைக்கும்? அவமானம்தான் உறைக்கும். இனி என் அளவில் மூக்கை நுழைக்காதே என்று பெரியவள் கத்த, மூக்கென்ன, உன் வாசப்படியையே மிதிக்க மாட்டேன் என்று இவள் கத்த, அத்தோடு பேச்சு நின்றது. கையில் இருக்கும் இந்தப் போர்வையோடு தொழிலையும் பிரித்துக்கொள்வதாக முடிவு. அதுவரை தூது, புருஷன்.

வந்திருந்த வேலை லேசானதுதான். தொட்டில் போர்வை ஒன்று. பிள்ளை வளர்ந்துவிட்டான், இதே மாதிரி கட்டிலுக்கு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் ஒன்றரை மடங்காக்க வேண்டும்.

"இதுல என்ன தப்பு?" என்றான். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

கழுத்துக் கயிற்றில் தொங்கிய கத்திரிக்கோலால் ஒரு நூலை வெடுக்கென்று நறுக்கினாள்.

"பழைய போர்வையில துண்டு தெச்சு முடிச்சா ரெண்டு இன்ச். ரெண்டு பக்கமும் தையலுக்குக் கால் கால் விடணும். அப்ப வெட்டுறது ரெண்டரை. இப்ப ரெண்டு இன்ச் மூணாகுது. தையலுக்கு அதே கால் கால்தான். மூன்றரை வெட்டணும். இவ ரெண்டரையை அப்படியே ஒன்றரை மடங்காக்கி மூணே முக்கால் வெட்டியிருக்கா. ஆள் வளர்ந்தா சட்டை பெரிசாகும், பொத்தானுமா பெரிசாகும்?"

துண்டுக்குத் துண்டு கால் இன்ச் கூட. எல்லாவற்றையும் இப்படியே வெட்டித் தைத்தால் போர்வை கட்டிலை விட்டு இறங்கித் தரையைப் பெருக்கும்.

அவனுக்குக் குறுகுறுப்பு. நேற்றுக் கத்திரி பிடித்தவர்கள் செய்கிற தப்பு இது. நூலிழை பிசகாமல் வெட்டுகிற பெரியவளா செய்தாள்?

"நான் போய்ச் சொல்லிட்டு வரவா?"

"நீங்க போனா, எத்தனை கால் சேர்ந்தா ஒண்ணுன்னு கேப்பா, முழிப்பீங்க. நகருங்க."

வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். கட்டைத் தூக்கிக்கொண்டு இவனும் பின்னாலேயே ஓடினான்.

மாடிக் கதவு திறந்தேதான் இருந்தது.

"அளவு தப்பு. தையலுக்கு விடுற துணியையும் சேர்த்துப் பெருக்கிட்டே."

இவன் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானான். பெரியவள் ஒரு துண்டை எடுத்து, டேப் வைத்து, நிதானமாக அளந்தாள்.

"ஆமாண்டி, தப்புதான். இனிமே வெட்டுறதுக்கு முன்னால நீயும் ஒரு தடவை பாத்துடு. உக்காரு."

தப்பு என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து இவன் கேட்டதில்லை. சின்னவள் உட்கார்ந்தாள். அன்றைக்கு வந்தவள் எதிரில் சொல்லியிருக்கக் கூடாது என்று முனகினாள். பெரியவள் கேட்காதது போல் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

துணிக்கட்டை மேஜைக்கடியில் தள்ளக் குனிந்தவன் கண்ணில் ஒரு கூடை பட்டது. இதே போர்வைக்கு வெட்டி வைத்த மீதித் துண்டுகள். ஒன்றை எடுத்து அளந்தான். மூன்றரை. இன்னொன்று. அதுவும் மூன்றரை.

"ஏம்மா, மிச்சமெல்லாம் சரியாத்தான் இருக்கு. உன்னை மேல வரவழைக்கத்தான் முதல் கட்டைத் தப்பா வெட்டியிருக்காங்க" என்று கிசுகிசுத்தான்.

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அப்போதுதான் அவனுக்கு இன்னொரு சந்தேகம் முளைத்தது.

"ஆமா, துணி கூடத்தானே இருந்துச்சு? அந்தக் கால் இன்ச்சை நீ கீழயே நறுக்கிட்டுத் தெச்சிருக்கலாமே?"

"கத்திரிக்கோல் கிடைக்கலை" என்றாள் சின்னவள், கழுத்தில் தொங்கியதைக் கைக்குள் பொத்திக்கொண்டு.