முழு மார்க்

"இவர்தான்! சத்தியமா இவரேதான்!"

சீட்டு கொடுக்கும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த தலைமை நர்ஸ், பக்கத்தில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த மருந்தாளுநரை இடித்தாள்.

"யாரு, அக்கா?"

"அந்த நீலச் சட்டைதான் தம்பி. மேலிடத்து ஆள்."

அந்தச் சின்ன அரசு ஆஸ்பத்திரியில் அவளுக்குத் 'துப்பறியும் சிஸ்டர்' என்று பட்டப்பெயர். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டினாலும், "வரும்போது வெந்நீர் குடிச்சியா?" என்று கேட்கிற ரகம். லீவுக்கு ஆசைப்பட்டு இருமுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்டாள், பாவம்.

அதிலும் திங்கட்கிழமை வந்த சுற்றறிக்கை அவள் நிம்மதியையே கெடுத்துவிட்டது. கோழியிலிருந்து மனுஷனுக்குத் தாவுகிற புதுக் காய்ச்சல் நாட்டுக்குள் நுழைந்தால் சமாளிக்கத் தயாரா என்று பார்க்க, நோயாளி வேஷத்தில் ஒரு பரிசோதகர் வருவாராம். கோட்டை விட்டால் தலைமை நர்சுக்கு மாற்றல். வாரம் ரெண்டு தடவை டயாலிசிஸ் செய்துகொள்கிற புருஷனை விட்டுவிட்டு அவள் எங்கே போவாள்?

மூன்று நாளாக வருகிறவர் போகிறவரையெல்லாம் சந்தேகப்பட்டாள். நேற்று ஒரு பால்காரருக்கு ராஜ உபசாரம் செய்து, அவர் சேற்றுப்புண்ணைக் காட்டியதும் நொந்துபோனாள். ஆனால் இன்றைக்கு மாட்டியது சரியான ஆள்!

"எப்படிக்கா சொல்றீங்க?"

"கண்ணைத் திறந்து பாரு. யாரும் சொல்லாமலே வரிசையில ரெண்டு கை தூரம் தள்ளி நிக்கிறார். மூக்கையும் வாயையும் கைக்குட்டையால கட்டியிருக்கார். இருமும்போது முழங்கையை மடக்கி அதுல இருமுறார். நம்ம ஊர் ஜனம் என்னிக்குய்யா அப்படி இருமுச்சு? மூஞ்சி மேல இல்ல இருமும்?"

அவர் ஜன்னலுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"பாப்பாவுக்குப் போன புதன்கிழமை காய்ச்சல் ஆரம்பிச்சுது, சிஸ்டர். வீட்டுக்காரிக்கு ஞாயித்துக்கிழமை. எனக்கு முந்தாநேத்து. நான் கோழிப்பண்ணையில வேலை செய்யறேன். அங்க இருநூறு கோழி செத்துப்போச்சு."

நர்சுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுற்றறிக்கையில் கேட்கச் சொன்ன கேள்விகளுக்கு, கேட்காமலே வரிசையாகப் பதில்! காய்ச்சல் வந்த தேதியைக் கூடவா ஒருத்தன் எழுதி எடுத்துக்கொண்டு வருவான்?

"வாங்க சார், உள்ள வாங்க."

"சாரா? என்னையா?" என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

என்னமாய் நடிக்கிறார்!

போன வாரம் வரை உடைந்த நாற்காலி அடைத்து வைத்திருந்த தனி அறை, பினாயில் வாசனையோடு தயாராக இருந்தது. மூன்று வருஷமாகச் சீல் பிரிக்காத முகக்கவசப் பெட்டியை உடைத்தார்கள். மூக்கில் குச்சி விட்டு சாம்பிள் எடுத்தார்கள். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். கிருமியைக் கொல்லும் மாத்திரையின் முதல் வேளையை அவள் தன் கையாலேயே கொடுத்தாள்.

"வீட்டுல இருக்கறவங்களையும் கூட்டிட்டு வரணும். விலாசம் சொல்லுங்க சார்."

சொன்னார். ஆம்புலன்ஸ் பறந்தது.

"இது ஒத்திகைதானேக்கா, ஆம்புலன்ஸ் எதுக்கு?" என்று கிசுகிசுத்தார் மருந்தாளுநர்.

"அரைகுறையா செஞ்சா அரை மார்க்தான் போடுவாங்க. அங்க ஒரு பொம்பளையையும் குழந்தையையும் உட்கார வெச்சிருப்பாங்க பாரு."

கதவருகே நின்று, குழைந்து கேட்டாள்.

"சார், நானும் கண்டுபிடிச்ச மாதிரி காட்டிக்கலை. எங்களுக்கு எத்தனை மார்க்னு மட்டும் சொல்லிடுங்களேன்?"

"என்ன மார்க்கு சிஸ்டர்?"

"அட, போங்க சார்!"

போன் அடித்தது. ஆம்புலன்ஸ் டிரைவர்.

"அக்கா, ஒத்திகைன்னு சொல்லித்தானே அனுப்புனீங்க? இங்க குழந்தைக்கு நிஜமாவே மூச்சு இழுக்குது. நான் நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு விடறேன். நேரமில்லை, வெச்சிடறேன்."

அவள் அறைக்குள் ஓடினாள்.

"நீங்க... நீங்க மேலிடத்து ஆள் இல்லையா?"

"நான் கோழிக்குத் தீனி போடறவன் சிஸ்டர்."

"அப்புறம் எதுக்குய்யா அந்தச் சீட்டு? எதுக்குத் தள்ளி நின்னீங்க? முழங்கையில இரும யார் சொல்லிக் கொடுத்தா?"

அவர் பயந்து எழுந்து நின்றார்.

"நீங்கதான் சிஸ்டர். போன வியாழக்கிழமை இதே ஜன்னலுக்கு வந்தேன். தீனித் தூசியில இருமல் வந்துச்சு. 'தள்ளி நில்லுய்யா, கைக்குட்டை இல்லையா, மூஞ்சியில இருமாதே, முழங்கையில இருமு'ன்னீங்க. என்னிக்குக் காய்ச்சல் வந்துச்சுன்னு கேட்டீங்க, பதட்டத்துல எனக்குச் சரியா சொல்ல வரலை. கோழி செத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். 'கோழிக் கதையெல்லாம் யார் கேட்டா, தேதியை ஒழுங்கா எழுதிட்டு அடுத்த வாரம் வா'ன்னு அனுப்பிட்டீங்க. அதான் இந்தத் தடவை தப்பில்லாம எழுதிட்டு வந்தேன்."

அவர் சீட்டை மறுபடி பிரித்து, ஏதாவது தப்பாக எழுதிவிட்டோமோ என்று பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அன்னிக்கு வந்தப்ப ஒரு வரிதான் சிஸ்டர் எழுத வேண்டியிருந்துச்சு. பாப்பாவுக்கு மட்டும்தான் காய்ச்சல்."