தேன் நிற வெளிச்சம்

"ஜலஜா, அந்த ஜமக்காளத்தை விட்டு ஒரு சாண் நகராதே. வெளிச்சம் அங்கேதான் விழறது."

கஸ்தூரிரங்கன் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார். சாந்தோம் பக்கத்துச் சர்ச்சுகளுக்கும் அடையாறு பங்களாக்களுக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்கிறவர். இந்த முறை தம் மயிலாப்பூர் வீட்டு மேற்கு ஜன்னலுக்கே ஒன்று செய்துவிட்டார். வெள்ளி உப்பு தடவிச் சூளையில் சுட்ட தேன் நிறக் கண்ணாடி. மாலை வெயில் அதில் புகுந்து வந்தால் கருங்கல்கூடப் பத்தரை மாற்றுத் தங்கமாகத் தெரியும்.

மகள் ஜலஜா நல்ல கறுப்பு. அது ஒரு குறையென்று அவளுக்குப் பட்டதே இல்லை. ஆனால் முன்பு பெண் பார்க்க வந்தவர்கள் சொஜ்ஜி பஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, நிறம் மட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதுவும் தட்டிப்போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் அவர் இந்த ஜன்னல் வேலையில் இறங்கினார்.

பிள்ளை வீட்டார் மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலமும் பிறந்துவிட்டது. ஆளைக் காணோம்.

"இனிமே அது கழிஞ்சுதான் வருவா" என்றாள் மனைவி ஜெயலக்ஷ்மி.

கார்த்திகை மாதத்துச் சூரியன் அதுவரை யாருக்காகக் காத்திருப்பான்? தேன் நிற வெளிச்சம் தரையில் ஊர்ந்து நகர்ந்தது. அவரும் மகளை எழுப்பி எழுப்பி, ஜமக்காளத்தை அதன் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போனார். கடைசியில் வெளிச்சம் எதிர்ச் சுவரில் ஏறி அணைந்துபோனது.

அதற்கப்புறம்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ராகுகாலம் கழியட்டுமென்று இருந்ததாகப் பிள்ளையின் அம்மா சொன்னாள். கஸ்தூரிரங்கன் குத்துவிளக்கை மட்டும் ஏற்றச் சொன்னார். இதுவே லக்ஷ்மீகரமாக இருக்கிறது, லைட்டெல்லாம் எதற்கு என்று அந்த அம்மாளும் ஒத்துப் பாடினாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காபி குடித்தார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். ஜலஜா எழுந்து சுவர்ப் பக்கம் போனாள்.

"சரியாப் பார்க்காமலே பிடிச்சிருக்குன்னா எப்படி?" என்று ட்யூப்லைட்டைப் போட்டுவிட்டாள்.

கஸ்தூரிரங்கன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது பிள்ளையின் அம்மா. பிள்ளையின் முகம் முழுக்கப் பவுடரையும் மீறி அம்மைத் தழும்பு.

அவன் ஜலஜாவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அவரிடம் சொன்னான்: "மன்னிக்கணும் மாமா. நாங்க மூணு மணிக்கே வந்துட்டோம். இருட்டினப்புறம் உள்ளே போனாப் போறும்னு, அம்மா என்னைக் குளத்தங்கரையிலேயே உட்கார வச்சுண்டிருந்தா."