எண்ணூருக்கு அடுத்த ஸ்டேஷன்

“மீஞ்சூர், நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு” என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் நோயல் ஒரு காலுக்கு நேர் முன்னால் இன்னொரு காலை வைத்தார்.

சாயங்காலப் பூசை முடிந்து வீட்டுக்கு நடந்து வருகிறோம் என்றுதான் தெருவுக்குத் தெரியும். உண்மையில் அது பயிற்சி.

பிசியோதெரபி பெண் கார்குழலி சொல்லிக்கொடுத்தது. நேர்கோட்டில் நடக்க வேண்டும். நடக்கும்போதே தெரிந்த பெயர்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். நடக்க மட்டும் சொன்னால் நடந்துவிடுவார். பெயரை மட்டும் கேட்டாலும் சொல்லிவிடுவார். இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொன்னால் ஏதாவது ஒன்று நின்றுபோகும். விடாமல் செய்தால் மூளை வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்றாள் அந்தப் பெண். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் உயிரோடு இருக்கிறேன்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அது என் வாயில் நுழையவே பல நாள் ஆனது. மூளையிலிருந்து காலுக்கு, கைக்கு, நாக்குக்குப் போகிற நரம்பின் மேல்தோல் உரிந்துபோகிற வியாதியாம். ராயபுரத்தில் எத்தனை பேர் கண்டதையும் தின்றுவிட்டுக் கல்லு மாதிரி திரிகிறார்கள், அவர்களை எல்லாம் விட்டுவிட்டு இவர்தான் கிடைத்தாரா என்று மாதாவிடம் சண்டையே போட்டுவிட்டேன்.

நோயலுக்குக் கண்டெய்னர் யார்டில் வேலை. அடுக்கி வைத்த பெட்டிகளுக்கு நடுவே நடந்து, எது நசுங்கியிருக்கிறது, எது ஓட்டை என்று பார்ப்பது. காண்ட்ராக்ட்தான். வியாதி என்று தெரிந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுவார்கள். வேலை போனால் ஈஎஸ்ஐ கார்டு போய்விடும். கார்டு போனால் அதில் இலவசமாகப் போடுகிற ஊசி போய்விடும். ஊசி இல்லாமல் எத்தனை நாள் நடப்பார் என்று நான் டாக்டரிடம் கேட்கவே இல்லை. பயம்.

யார்டு சூப்பர்வைசர் வெற்றி அடுத்த தெருக்காரன்தான். கால் ஏன் இழுக்கிறது என்று கேட்டிருக்கிறான். செவ்வாய்க்கிழமை கம்பெனி டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் அண்ணே என்றும் சொல்லிவிட்டான். கெட்டவன் இல்லை, அக்கறையில் சொன்னது. அந்த அக்கறைதான் எங்களைக் குழியில் தள்ளப்போகிறது.

அன்றைக்கு ஞாயிறு. நடுவில் இருந்தது ஒரே ஒரு திங்கட்கிழமை.

“அத்திப்பட்டு புதுநகர், எண்ணூர்...”

எண்ணூரில் நின்றுவிட்டார். தினமும் வேலைக்குப் போய்வருகிற ரயில் பாதை அது. கத்திவாக்கம், கத்திவாக்கம் என்று என் நாக்கு துடிக்கிறது. சொல்லக் கூடாது. அவரே தேடி எடுத்தால்தான் பலன்.

யோசிப்பதற்காகக் கண்ணை மூடினார். கண்ணை மூடினால் கால் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. ஐயோ என்று நான் வாயைத் திறப்பதற்குள் பக்கவாட்டில் சாய்ந்து, சில்வியா அக்கா வாசலில் அடுக்கியிருந்த காலிக் குடங்களின் மேல் விழுந்தார். தெருவே திரும்பிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் வெற்றியின் பைக் வர வேண்டுமா?

வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். நோயல் எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு கால் வந்தது, இன்னொரு கால் வரவில்லை. வெற்றி அந்தக் காலையே பார்த்தான். என்ன அண்ணி ஆச்சு என்று கேட்டான்.

வழுக்கிவிட்டது என்று சொல்ல முடியாது, தரை காய்ந்து கிடக்கிறது. மயக்கம் என்றால் அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவான். 

“யோவ், கோயிலுக்கு வரசொல்லோவே ஊத்திக்கினு வந்துக்கிறியே, உனுக்கு வெக்கமா இல்ல?”

தெரு முழுக்கக் கேட்கும்படிக் கத்தினேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை நீ என்று சொன்னதில்லை. அவர் ஒரு சொட்டு தொட்டதும் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் இந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன். எங்கள் கோயில் பங்கில் மதுவிலக்குச் சபைக்கு நான்தான் தலைவி. போன தவக்காலத்தில் இதே சில்வியா அக்கா வீட்டுக்குள் நுழைந்து, அவள் புருஷனின் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, ஒரு ஆம்பளையைக் கட்டுப்படுத்தத் துப்பில்லையா என்று நாலு பேர் முன்னால் கேட்டவள் நான்.

அக்கா சிரிக்கவில்லை. உருண்ட குடத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்து என் முதுகைத் தடவினாள். விடு ஹில்டா, எல்லார் வீட்டிலும் நடக்கிறதுதான் என்றாள். அதற்குப் பதில் காறித் துப்பியிருக்கலாம்.

வெற்றியின் முகம் தெளிந்துபோனது. அட, இதுதானா, நான் உடம்புக்கு என்னவோ என்று பயந்துவிட்டேனே என்றான். இதற்குப் போய் டாக்டர் எதற்கு, ஆபீசில் நான் பேசிக்கொள்கிறேன், டூட்டியில் மட்டும் வேண்டாம் அண்ணே என்று அவர் தோளில் தட்டினான்.

நோயல் கீழே கிடந்தபடி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு புரிந்துகொண்டார். வெற்றியைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார்.

“மன்னிச்சிக்கோ நைனா, கொஞ்சம் ஓவராப் பூட்ச்சு.”

நாக்கு நன்றாகக் குழறியது. குடிகாரர்களை இவ்வளவு கவனித்து வைத்திருக்கிறாரா என்று எனக்கே ஆச்சரியம். வெற்றியும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். வெற்றி போன பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். செவ்வாய்க்கிழமையிலிருந்து தப்பித்துவிட்டோம், இனி யாரும் இல்லை, ஒழுங்காகப் பேசுங்கள் என்றேன்.

குடிக்கத் தண்ணீர் கேட்டார். அதே குழறலில்தான் கேட்டார்.