கணினி சும்மா இருக்கும்போது

"யாரும் தொடாத கணினி, யாரோட பேசிக்கிட்டு இருக்கு?" என்று அவர் மனைவியிடம் கேட்டார்.

பதிப்பகத்தில் அவரைப் 'புரூஃப் ஐயா' என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வருடமாகப் புத்தகங்களில் பிழை திருத்துகிறவர். இப்போது வீட்டிலேயே கணினியில் திருத்துகிறார்.

ஒரு மாதம் முன்பு திருத்த வந்த கட்டுரை ஒன்றில், சும்மா இருக்கும் கணினி நமக்குத் தெரியாமல் தகவல் அனுப்பும் என்று படித்தார். அன்றிலிருந்து பிழை பார்த்ததைவிட விளக்கைப் பார்த்ததுதான் அதிகம். குளித்துவிட்டு வந்தால், இணையப் பெட்டியின் பச்சை விளக்கு படபடவென்று மினுக்கும். சாப்பிட்டு எழுந்து வந்தாலும் மினுக்கும். அவர் உட்கார்ந்து ஒரு எழுத்தைத் தட்டியதும் நல்ல பிள்ளையாக அடங்கிவிடும்.

மினுக்கும் நேரத்தையெல்லாம் ஒரு தாளில் குறித்து வைத்தார். கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டினார். கணினிக்குக் காயமா என்று மனைவி கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

அச்சுக்குப் போகாத கதைகள் அத்தனையும் அதற்குள் இருந்தன. ஒரு பக்கம் வெளியே கசிந்தாலும் நாற்பது வருடப் பெயர் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கணினி பழுது பார்க்கும் பெண் ஒருத்தியை வரவழைத்தார். மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். இரண்டு வருடம் முன்பு இந்தக் கணினியை வாங்கி, எல்லாம் சரிசெய்து கொடுத்தவர் அவர்தான்.

கணினி சும்மா இருக்கும்போது கடிகாரத்தைச் சரிபார்க்கும், புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று விசாரிக்கும், அதெல்லாம் மூச்சு விடுவது மாதிரி என்று அந்தப் பெண் விளக்கினாள். திரையில் ஓடிய பட்டியலில் விரலை வைத்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இது மட்டும் யாரோ தனியா வச்சிருக்காங்க, ஐயா. நீங்க பத்து நிமிஷம் கணினியைத் தொடலேன்னா, 'முடிந்தது'ங்கிற ஃபோல்டர்ல இருக்கிறதெல்லாம் இன்னொரு கணினிக்குப் போகுது."

முடித்த வேலையை அவர் உடனே அனுப்புவதில்லை. அந்த ஃபோல்டரில் இரண்டு நாள் ஆறப்போட்டு, அப்புறம்தான் பதிப்பகத்துக்கு அனுப்புவார். காகிதத்தில் திருத்திய காலத்துப் பழக்கம்.

"எந்தக் கணினிக்கு?"

"'தமிழ் ஐயா'ன்னு பேர் காட்டுது."

எல்லார் தலையும் மாப்பிள்ளை பக்கம் திரும்பியது.

போவது மட்டுமில்லை, அங்கேயிருந்து திரும்பியும்... என்று அந்தப் பெண் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். புரூஃப் ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். போனது தெரிந்தால் போதும் என்றார்.

"நீங்க வச்சதா, மாப்பிள்ளை?"

"ஆமா மாமா."

"எதுக்கு?"

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்து வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். அவள் சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள்.

அதற்குப் பிறகு புரூஃப் ஐயா பேசியதில் இலக்கணப் பிழை இல்லை. அது ஒன்றைத்தான் நல்லதாகச் சொல்ல முடியும். பெண்ணெடுத்த வீட்டிலேயே கன்னம் வைத்துவிட்டீர்கள் என்றார். எவன் எவனுக்கு என் ஃபைலைக் காட்டினீர்கள் என்று கேட்டார். தமிழ் சொல்லிக் கொடுக்கிறவர் திருட்டும் சொல்லிக் கொடுக்கிறாரா என்றார். மகள் அழுதாள்.

"இனிமே இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்" என்று முடித்தார்.

மாப்பிள்ளை அந்தப் பெண்ணிடம், தான் வைத்ததை அழித்துவிடச் சொன்னார். அவள் அழிக்கும்வரை நின்றார். "மன்னிச்சுக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

பச்சை விளக்கு அடங்கியது. புரூஃப் ஐயா நிம்மதியாகச் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றைத் திருத்தி முடித்தார். இரண்டு நாள் ஆறப்போட்டு அனுப்பினார்.

மறுநாள் பதிப்பகத்து அம்மா போன் செய்தார். உடம்பு சரியில்லையா என்றுதான் முதலில் விசாரித்தார். இவர் நன்றாக இருப்பதாகச் சொன்னதும் அவருக்குப் பேச்சு தடுமாறியது.

"ஒண்ணுமில்ல ஐயா... காட்டுல புளி உறுமுது. ராஜா இளவரசியை மனம் முடிக்கிறாரு, மூணு சுழி 'ண' இல்லாம. மொத்தம் முப்பத்தேழு இடம். ரெண்டு வருஷமா உங்ககிட்டேருந்து ஒரு புள்ளிகூடத் தப்பா வந்ததில்ல. அதனால நாங்க திருப்பிப் படிக்கிறதே இல்ல. இதைத் தற்செயலாத்தான் பார்த்தேன்."

அவர் போனை வைத்துவிட்டு, 'முடிந்தது' ஃபோல்டரைத் திறந்தார். ஒவ்வொரு ஃபைலிலும், கடைசியாகத் திருத்தியவர் பெயர் இருந்தது. 'தமிழ் ஐயா'. அடுத்த ஃபைலிலும் 'தமிழ் ஐயா'. நேரம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு. இரண்டு வருடத்தில் ஒன்றே ஒன்றில்தான் அவருடைய சொந்தப் பெயர் இருந்தது. புளி உறுமிய ஃபைல்.

போனை எடுத்தார். மாப்பிள்ளையின் எண் வரைக்கும் விரல் போனது. அதற்கு மேல் போகவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். முகத்தைப் பார்க்க முடியாமல், அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். வேலை போச்சுன்னா மாமா ஒடிஞ்சு போயிடுவாரு, சொல்லிடாதீங்க அத்தைன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

அவள் துணியை மடித்து முடித்தாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னதுல தப்பே இல்ல. திருடத்தான் செஞ்சாரு. உங்க பிழையை மட்டும், பார்த்துப் பார்த்து."