தொட்டால் தெரியாத கோடு

“பார்த்தா தெரிஞ்சாலும் பரவாயில்லை தம்பி. தொட்டா தெரியக் கூடாது.”

பாலிஷ்காரர் நிமிர்ந்து பார்த்தார். கார் பெயிண்டைச் சரிசெய்யும் அவருடைய பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள்.

கறுப்புக் கார். இடது பக்கக் கதவுகளில் முன்னிருந்து பின்வரை ஒரு கீறல் ஓடியிருந்தது. பக்கத்தில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் அந்த அம்மா.

“எதுல இடிச்சீங்க அக்கா?”

“எங்க வீட்டு கேட்டுதான். நேத்து உள்ள எடுக்கும்போது கொக்கி உரசிடுச்சு. வீட்டுக்காரர் தினமும் வண்டியைச் சுத்தி வந்து தடவிப் பார்ப்பார். இன்னிக்கு அவர் குளிக்கப் போன நேரமாப் பார்த்து, தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு ஓடி வந்துட்டேன்.”

“தெரிஞ்சா கத்துவாரா?”

“கத்தினாக்கூட கேட்டுக்கலாம். வண்டியையே வித்துடுவார். அப்புறம் நான் எங்க ஓட்டுறது?”

“சார் ஓட்டுறதில்லையா?”

“முன்னாடி அவர்தான். இப்ப நான்தான் ஓட்டுறேன்.”

தானும் ஓட்டுவதில்லை, ஓட்டுகிறவளையும் விடுவதில்லை. நல்ல மனுஷன்தான் என்று பாலிஷ்காரர் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டார். இப்படிப்பட்ட கணவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். மனைவியின் முகம் வாடியது தெரியாது, பம்பரில் விழுந்த புள்ளி தெரியும்.

காரைக் கழுவி, ஒட்டியிருந்த பொடி மண்ணை, பெயிண்டைச் சுத்தம் செய்யும் மெத்தென்ற களிமண் கட்டியால் தேய்த்து எடுத்துவிட்டு, விளக்கைப் போட்டார். பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள்.

“காய்ஞ்ச துணியால தூசியோட தேய்ச்சா இப்படித்தான் ஆகும். யாரு வண்டியைத் துடைக்கிறது?”

“அவரேதான். வேற யாரையும் தொட விடமாட்டார்.”

“அவ்வளவு கவனிக்கிறவர் கண்ணுல இந்த வலை படலையா?”

அந்த அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

“சரி விடுங்க. கதவோட சேர்த்து இதையும் எடுத்துடறேன்,” என்றார் பாலிஷ்காரர். முகம் தெரியாத அந்தக் கணவர்மேல் அவருக்கு வீம்பு வந்துவிட்டது. ஒரு குறை சொல்ல விடக் கூடாது.

ஓரங்களில் டேப் ஒட்டினார். மிக நைசான உப்புத்தாளை நனைத்துக் கீறலை மட்டும் பதமாகத் தேய்த்தார். நடுநடுவே பெயிண்டின் கனத்தைக் கருவியால் அளந்துகொண்டார். பிறகு பஞ்சு வைத்த மிஷினை ஓட விட்டார். அது ரீங்காரம் போட்டுக்கொண்டு போன இடமெல்லாம் வலை அறுந்தது. பானெட்டில் பட்டறைக் கூரையின் தகரம் வரிவரியாகத் தெரிந்தது.

கைப்பைக்குள் போன் அடித்தது. அந்த அம்மா வாசல் பக்கம் ஓடினார்.

“இல்லைங்க... தங்கச்சி வீட்டுல... மிக்ஸி சத்தம்தாங்க...” குரல் இறங்கிக்கொண்டே போனது. திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

“தங்கச்சிக்குப் போன் பண்ணிட்டுத்தான் எனக்குப் பண்ணியிருக்கார். மாட்டிக்கிட்டேன். இங்கதான் இருக்கேன்னு சொல்லிட்டேன். வாடகைக் காரைப் பிடிச்சு வர்றார்.”

பாலிஷ்காரரின் கை வேகமெடுத்தது. கடைசிப் பூச்சையும் துடைத்து முடித்து விளக்கைக் கதவோரம் பிடித்தார். உச்சுக் கொட்டினார்.

“முடி மாதிரி ஒரு கோடு நிக்குது அக்கா. இதுக்கு மேல தேய்ச்சா பெயிண்டே போயிடும்.”

அந்த அம்மா கோட்டைப் பார்க்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் கதவை நீள வாக்கில் தடவினார். நகத்தாலும் இழுத்துப் பார்த்தார்.

“தட்டுப்படலை. போதும் தம்பி.” நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

வாசலில் கார் வந்து நின்றது. வாசலுக்கு ஓடிய அந்த அம்மா, தேய்த்த மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒருவரோடு கைகோத்தபடி உள்ளே வந்தார். பாலிஷ்காரர் அந்தக் கோடு தெரியாதபடி விளக்கைத் தரைப்பக்கம் திருப்பிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

வந்தவர் கதவில் உள்ளங்கையை வைத்து மெதுவாக நடந்தார். பின்சக்கரம் வரை போனவர் நின்றார்.

“நேத்து கேட்டுல உரசினியே, அது எங்க?”

“உங்களுக்கு எப்படி...”

“ரேடியோ ஓடிட்டிருந்தா உரசின சத்தம் எனக்குக் கேக்காதா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன். தங்கச்சி வீட்டுக்கும் நீ வரலைன்னதும் எனக்குப் பகீர்னுச்சு. பயந்துபோய் வண்டியை விக்கக் கொண்டு போயிட்டியோன்னு.”

“நானா விப்பேன்? நீங்க வித்துடுவீங்கன்னுதான் ராத்திரி முழுக்க நான் தூங்கலை.”

“பைத்தியம். நீ ஓட்டலைன்னா நான் எங்க போவேன்?”

அந்த அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கணவரின் தோளில் லேசாக ஒரு குத்துவிட்டார்.

பாலிஷ்காரருக்கும் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. இந்த மனுஷனைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்றிருந்தது. இனி எதற்கு மறைக்க வேண்டும்?

“சார், ஒண்ணு சொல்லிடறேன். முழுசா போகலை. ஒரு மெல்லிசு கோடு நிக்குது, இதோ பாருங்க,” என்று அவசரமாக விளக்கைத் தூக்கினார். அது கதவுக்குப் போகும் வழியில் வந்தவரின் முகத்தில் பளீரென்று அடித்தது.

“அப்படியா தம்பி? எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பார்க்கிறது அவதான், அவகிட்ட காட்டுங்க,” என்று சிரித்தவரின் கண்கள், அவ்வளவு வெளிச்சத்திலும் இமைக்கவே இல்லை.