எரிக்க அனுமதி இல்லை

காலை எட்டு மணியிலிருந்து பதினோரு ஃபோன் வந்துவிட்டது. பதினோரு பேருக்கும் ஒரே கேள்வி. இன்றைக்குப் புல்லுக்குத் தீ வைக்கலாமா?

வைக்கக் கூடாது என்று பதினோரு தடவை சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் வந்தால் எங்கள் கான்சஸ் மேடுகளில் மேய்ச்சல் நிலத்தை எரித்தே ஆக வேண்டும். எரித்தால்தான் புதுப்புல் வரும். தீ வைக்கும் முன் ஷெரீஃப் அலுவலகத்துக்கு ஃபோன் செய்து அனுமதி கேட்க வேண்டும். அந்த ஃபோனை எடுக்கிறவள் நான்.

"ஞாயித்துக்கிழமைதானே பனி கொட்டுச்சு, நோரீன்" என்கிறார்கள், ஏதோ எனக்குத் தெரியாத மாதிரி.

கொட்டியதுதான். சனிக்கிழமை வடக்கேயிருந்து குளிர்காற்று இறங்கியது. ஞாயிறு முழுக்கப் பனி. நேற்று நல்ல வெயில். இன்று செவ்வாய், பனி இருந்த இடமே தெரியவில்லை. போன வருஷத்துப் புல் கையில் எடுத்தால் நொறுங்குகிறது.

வானிலைக்காரர்கள் அனுப்பிய தாள் என் முன்னால் இருக்கிறது. மதியத்துக்கு மேல் தென்மேற்குக் காற்று, மணிக்கு நாற்பது மைல். காற்றில் ஈரம் நூற்றுக்குப் பதினைந்து. தீ அபாயம் மிகக் கடுமை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்குக்கூடப் புரியும்.

இவர்களுக்கு மட்டும் புரியாது. ஒருத்தர் விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பார்த்தாராம், காற்றே இல்லையாம். இன்னொருத்தருக்கு முழங்கால் வலிக்கவில்லையாம். முழங்கால் வலித்தால்தான் காற்று வரும் போலிருக்கிறது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டுதான் ஆயிரம் ஏக்கரை ஆள்கிறார்கள்.

பன்னிரண்டாவதாக டெல்மர் கூப்பிட்டார்.

டெல்மரின் நிலம் என் வீட்டுக்கு வடகிழக்கே, ஒரு மைல்கூட இருக்காது. அறுபது பசுக்கள். எல்லாம் இந்த மாதம்தான் கன்று போட்டிருக்கின்றன. இரண்டு தடவை அவர் வைத்த தீ கைமீறிப் போய், மூன்று ஊர் வண்டிகள் வந்து அணைத்தன. அவருக்குத் தீக்குச்சி என்று பெயர் வைத்ததே நான்தான். இப்போது ஊரே அப்படித்தான் சொல்கிறது.

அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். அவருடைய அப்பா பனி விழுந்த வாரத்தில்தான் எரிப்பாராம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலும் புல் எரிந்துகொண்டுதான் இருந்ததாம். நான் தாளில் இருந்ததைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அப்புறமும் முனகினார்.

"ஒரே ஒரு நாள் கையக் கட்டிக்கிட்டு சும்மா உக்காருங்க, டெல்மர். முயற்சி பண்ணிப் பாருங்க, முடியும்" என்றேன்.

ஃபோனை வைத்துவிட்டார்.

பக்கத்து மேசைப் போலீஸ்காரரிடம், மூன்று மணிக்குள் தீக்குச்சி தன் வேலையைக் காட்டும் பாருங்கள் என்றேன். அவர் சிரித்தார். எனக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம்தான், மறைப்பானேன்.

இரண்டு இருபதுக்கு அவசர எண் அடித்தது. திரையில் டெல்மரின் எண்.

நான் சொன்னேனா இல்லையா என்று போலீஸ்காரருக்கு ஜாடை காட்டிவிட்டு எடுத்தேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. எத்தனை ஏக்கர் போயிற்று என்றுதான் கேட்டேன்.

"நான் வைக்கலம்மா." அவருக்கு மூச்சு வாங்கியது. வண்டி ஓடுகிற சத்தம் கேட்டது. "நீ சொன்னபடி சும்மாதான் உக்காந்திருந்தேன். உன் வீட்டுக்கிட்டருந்து பெரும் புகை வருது. தண்ணித் தொட்டிய ஏத்திக்கிட்டு அங்கதான் வந்துட்டிருக்கேன்."

கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மூன்று தீயணைப்பு வண்டிகளையும் கிளப்பினேன். பக்கத்து ஊருக்கும் சொன்னேன். முதல் வண்டி வந்து சேர இருபது நிமிஷம் ஆகும்.

தென்மேற்குக் காற்று தீயை எந்தப் பக்கம் தள்ளும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டை விடுங்கள், தீ உங்கள் நிலத்துப் பக்கம்தான் போகும், திரும்பிப் போய்க் கன்றுகளைப் பாருங்கள் என்றேன்.

"கன்னு தாயோட ஓடிரும். வீடு ஓடுமா?" என்றார். கொல்லைப்புறமா, முன்வாசலா, எந்தப் பக்கம் பற்றியிருக்கும், எந்த மடையன் வைத்தான் என்று கேட்டுக்கொண்டே வண்டியை விரட்டினார்.

இரண்டு வாரக் கன்று எங்கே ஓடும். அது அவருக்கும் தெரியும்.

அந்தத் தீ என் வீட்டைத் தொடாது. எனக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொன்னால் அந்த நிமிஷமே வண்டியைத் திருப்பியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டக் கொட்ட, வீட்டுக்கு வடகிழக்கு மூலையில், வேலியோரம் வெட்டிப் போட்டிருந்த மரக்குவியலை எரித்தேன். பனிநாளில்தான் குவியலை எரிக்க வேண்டும், அதுதான் முறை. யாருக்கும் ஃபோன் செய்யவில்லை. எனக்கு நானே ஃபோன் செய்வேனா என்ன. நேற்றுக் காலை சாம்பல்மேல் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அடியில் கிளறிப் பார்க்கவில்லை.

பக்கத்து மேசைப் போலீஸ்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசல்ல வந்துட்டேம்மா" என்றார் டெல்மர். "உள்ளருந்து முதல்ல எதை எடுக்கட்டும்?"