சேராத வரிசை

ஒரே ஒரு ஊரிலே நாலு ராஜாவும் நாலு ராணியும் இருந்தார்களாம். சண்டை சச்சரவில்லாமல் எட்டுப் பேரும் ஒரே சீட்டுக்கட்டுக்குள் குடியிருந்தார்களாம். அந்தக் கட்டு, இளம்பிள்ளை என்ற ஊரில் தறி நெய்கிற சண்முகவேல் வீட்டு மாடக்குழியில் இருந்தது.

மத்தியானச் சோறு உண்டதும் சண்முகவேல் தறிக்குழியில் இறங்க மாட்டான். பாயை விரிப்பான். சுவரோரம் ஒரு தலையணையை நிமிர்த்தி வைப்பான். பெண்டாட்டியைக் கூப்பிடுவான்.

"சாரதா, வா. ஒரே ஒரு ஆட்டம்."

"தாருக்கு நூல் சுத்த வேணுமுங்க. ராட்டை அப்பிடியே கெடக்குது."

"அது எங்க போயிரப் போகுது? வா சாமி. காலை நல்லா நீட்டி உக்காரு."

அவன் தாய் முத்தாயம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏண்டா, மாசி முகூர்த்தச் சீலை பாதியில நிக்குது. வயித்துப் புள்ளைக்காரியப் புடிச்சு உக்கார வெச்சுச் சீட்டாடறியே, வெக்கமா இல்ல?"

"ஒரு ஆட்டந்தான்ம்மா."

"உன்ற ஒரு ஆட்டம் பொழுது சாயற வரைக்கும் போகுமே!"

சாரதாமணிக்கு ஏழாம் மாதம். முந்தின இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. இதாவது தங்க வேண்டுமே என்று தெருவே வேண்டிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. விடிந்தால் தண்ணீர்க் குடம், பிறகு அடுப்பு, பிறகு ராட்டை. கை சும்மா இருந்தால் பயம் வந்து மடியில் உட்கார்ந்துகொள்கிறது என்பாள்.

ஆட்டம் என்னவோ சுலபம்தான். ஆளுக்கு ஏழு சீட்டு. கட்டிலிருந்தோ எதிராளி போட்டதையோ ஒன்று எடுத்து, ஒன்றைக் கீழே போட வேண்டும். ஸ்பேடு, டைமன் என்று ஏதோ ஒரு ஜாதியில் மூன்று வரிசையாக, இன்னொன்றில் நான்கு வரிசையாகச் சேர்ந்துவிட்டால் கீழே இறக்கி ஆட்டத்தை முடித்துவிடலாம். ஆனால் நடுவில் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் தறியில் பாவு நூல் அறுந்துபோகுமாம்.

"எங்க தாத்தன் காலத்து வழக்கம்" என்பான் சண்முகவேல்.

"உங்க தாத்தனுக்குச் சீட்டுன்னாலே ஆகாதேடா" என்பாள் முத்தாயம்மாள்.

இருந்தாலும், பாவு அறுந்துபோகும் என்று சொன்ன பிறகு எந்த நெசவுக்காரி எழுந்திருப்பாள்?

ஆட்டமோ முடியவே முடியாது. கண்ணாடி ஓட்டு வழியாக விழுந்த வெயில் பாயில் மெல்ல ஊர்ந்து, ஒரு ராணியின் முகத்தில் ஏறி, இறங்கிப் போய்விடும். பட்டுத் தூசி அந்த வெளிச்சத்தில் மிதக்கும். அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்கும். சாரதாமணிக்குக் கண் சொக்கும். சண்முகவேலோ, "பொறு, ரோசிக்கறேன்" என்று ஒரு சீட்டுக்கு ஒரு யுகம் எடுத்துக்கொள்வான்.

ஒருநாள் காலை அவனுடைய பழைய சீட்டுக் கூட்டாளி கந்தன், தெருமுனையில் புதிதாக நட்ட கரண்டுக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு அவளிடம் அழாத குறையாகச் சொன்னான்.

"அண்ணி, அண்ணனைச் சீக்கிரமா ஜெயிக்க விட்டுருங்க. நீங்களும் வேலையப் பாக்கலாம், அவரும் எங்ககூட ஆட வருவாரு."

"அவருக்கு எந்தச் சீட்டு வேணும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்க போட்ட எட்டை அவர் எடுத்தா, பக்கத்துல ஏழோ ஒம்பதோ இருக்குதுன்னு அர்த்தம். ஏழு எட்டு வெச்சிருந்தா ஆறு சேரும். எட்டு ஒம்பது வெச்சிருந்தா பத்து சேரும். கட்டுல எடுத்ததையே திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தா, ஏதோ ஒரே ஒரு சீட்டுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காருன்னு வெச்சுக்குங்க. அதைக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போய்க்கிட்டே இருங்க!"

அன்று மத்தியானம் சாரதாமணிக்குத் தூக்கம் வரவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பேடு எட்டைப் போட்டாள். எடுத்துக்கொண்டான். அதன் பிறகு கட்டிலிருந்து எடுப்பதும், எடுத்ததையே கீழே போடுவதுமாக இருந்தான்.

'காத்திருக்கிறார்' என்று நினைத்துக்கொண்டு ஸ்பேடு ஆறைப் போட்டாள்.

"இது எனக்கெதுக்கு?" என்றான்.

அடுத்த முறை ஸ்பேடு பத்தைப் போட்டாள்.

"சே, இன்னிக்கும் சீட்டே வர மாட்டேங்குது" என்று தலையில் தட்டிக்கொண்டான்.

சாரதாமணி யோசித்தாள். ஆறும் வேண்டாம். பத்தும் வேண்டாம். அப்படியென்றால் நடுவில் மூன்றும் சேர்ந்தல்லவா நிற்கிறது? மிச்சம் நாலு?

சட்டென்று எட்டி அவன் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிவிட்டாள்.

ஸ்பேடு ஏழு, எட்டு, ஒன்பது. டைமனில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா.

"ஏனுங்க! எப்பவோ சேந்துருச்சே! எறக்காம எதுக்குங்க உக்காந்திருக்கறீங்க? தெனமும் இப்பிடித்தானா?"

சண்முகவேல் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு கோரையை நிமிண்டினான்.

"எறக்கினா நீ எந்திரிச்சுருவியே, சாமி."

சாரதாமணி எழுந்திருக்கவில்லை. நீட்டியிருந்த காலை மடக்கக்கூட இல்லை.

மகனை வைய வந்த முத்தாயம்மாள் நிலைப்படியில் அப்படியே நின்றிருந்தாள். மருமகளைப் பார்த்தாள். உள்ளே வந்து, மூலையில் கிடந்த ராட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அத்தை, நான் இப்ப..."

"உக்காரு."

வாசலுக்குப் போகிற வழியில் மகன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா, கட்டை நல்லாக் கலைச்சுப் போடு. சீக்கிரமாச் சேந்துரப் போகுது" என்று சொல்லிவிட்டு, ராட்டையோடு வெளியே நடந்தாள்.